கூட்டுறவு நாணயச் சங்கமா, வங்கியா: கடனுக்கு ஒரு விடை, சேமிப்புக்கு வேறு விடை

அரசுப் பள்ளியிலோ மின்வாரியத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் முதல் சம்பளம் வருவதற்குள் ஒரு விண்ணப்பம் நீட்டப்படுகிறது. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டுமாம். ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் சம்பா சாகுபடிக்குக் கடன் வாங்குவதற்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போவதா, தேசியமயமாக்கப்பட்ட வங்கிக்குப் போவதா என்று யோசிக்கிறார். ஓய்வு பெற்ற தந்தைக்கோ, வங்கியைவிடச் சங்கத்தில் வைப்புத்தொகைக்கு வட்டி கூடுதல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூவரும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோலத் தோன்றினாலும் மூவருக்கும் விடை ஒன்றல்ல.

பெயரில் உள்ள குழப்பம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கிரெடிட் யூனியன் என்று அழைக்கப்படுவது, உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்பு. அதன் வேர் ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களில் இருக்கிறது. சென்னை மாகாண அரசுக்காக இதை ஆராய்ந்த ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகளின் விளைவாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளுக்கும், காஞ்சிபுரத்தில் நகரவாசிகளுக்குமாகச் சங்கங்கள் பதிவாயின. ஆகவே தமிழ்நாட்டில் கிரெடிட் யூனியனைத் தேடுபவர் வெளியூர்ச் சரக்கைத் தேடவில்லை. நூற்றிருபது ஆண்டுகளாக இங்கேயே இருப்பதைத்தான் தேடுகிறார்.

ஆனால் 'கூட்டுறவு' என்ற சொல்லின்கீழ் இரண்டு வேறுபட்ட இனங்கள் நடமாடுகின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி ஆகியவை உரிமம் பெற்ற வங்கிகள். கூட்டுறவுப் பதிவாளரோடு ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பும் அவற்றுக்கு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கமும் வங்கிகள் அல்ல. அவை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ், பதிவாளரின் மேற்பார்வையில் இயங்குபவை. சிட்ஃபண்டு, நிதி நிறுவனம், 'பெனிபிட் ஃபண்டு' ஆகியவை இந்த இரண்டிலும் சேராதவை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இனி 'சங்கம்' என்று சொல்லும் இடமெல்லாம் உரிமம் இல்லாத தொடக்கச் சங்கத்தையே குறிக்கும்.

எதைக் கொண்டு அளப்பது

பெரும்பாலோர் வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, நிறுவனம் நொடித்துப்போனால் நம் பணம் என்ன ஆகும் என்பது. அடுத்தது, கையில் உண்மையில் வந்து சேரும் தொகையோடு ஒப்பிட்டால் கடனின் விலை எவ்வளவு என்பது. மூன்றாவது, நமக்காக யார் கையெழுத்திடுகிறார்கள், நாம் யாருக்காகக் கையெழுத்திட வேண்டிவரும் என்பது. நான்காவது, வெளியேற நினைத்தால் கதவு எவ்வளவு எளிதாகத் திறக்கும், குறை இருந்தால் எங்கே போய்ச் சொல்வது என்பது. அன்றாட வசதி ஐந்தாவதாக வரலாம். அதில் வங்கியே முந்துகிறது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

உரிமையாளர் என்ற தகுதி

வங்கியில் நாம் வாடிக்கையாளர். சங்கத்தில் உறுப்பினர், அதாவது பங்குதாரர். ஒருவர் நூறு ரூபாய்க்குப் பங்கு வாங்கினாலும் பத்தாயிரத்துக்கு வாங்கினாலும் வாக்கு ஒன்றுதான். ஆண்டு லாபத்தில் பங்கு ஈவு உண்டு, பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்கும் உரிமை உண்டு. காகிதத்தில் இது பெரிய வேறுபாடு. நடைமுறையில், தேர்தல் நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகத்திலேயே சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்த காலங்கள் தமிழ்நாட்டில் உண்டு. தேர்தல் நடந்த காலங்களிலும் ஆளுங்கட்சியின் நிழல் விழாத நிர்வாகக் குழு அரிது. நகைக்கடனுக்காக மட்டும் 'இணை உறுப்பினர்' ஆனவருக்கு வாக்கும் கிடையாது. எனவே உரிமையாளர் என்ற தகுதிக்குத் தனி மதிப்பெண் கொடுப்பதற்கு முன்பு, கடைசிப் பேரவைக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கேள்விக்குச் செயலாளர் தேதியோடு பதில் சொல்லும் சங்கங்களும் இருக்கின்றன, குறிப்பாகப் பணியாளர் சங்கங்களில்.

சேமிப்பு: நொடித்துப்போகும் நாளை நினைத்து

வணிக வங்கியிலும் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியிலும் வைக்கும் பணத்துக்கு வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இந்தக் காப்பீடு பொருந்தும். அதற்கு முன்பு அது 1 லட்சமாக இருந்தது. வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்குத் தடை விதிக்கப்பட்டால், 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை வைப்பாளர் கைக்கு வர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. தொடக்கச் சங்கத்தில் வைக்கும் பணத்துக்கு இந்தக் காப்பீடு அறவே கிடையாது. சங்கத்தின் வாசலில் 'தமிழ்நாடு அரசு' என்ற எழுத்தையும் கோபுரச் சின்னத்தையும் பார்த்து, அரசே பொறுப்பு என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். மேற்பார்வை அரசுடையதுதான், ஆனால் வைப்புத்தொகைக்கு அரசு உத்தரவாதம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இங்கேதான் இணையத்தில் படிக்கும் அமெரிக்க ஆலோசனை நம்மைத் தவறான திசையில் கொண்டுபோகிறது. அங்கே கூட்டாட்சிக் காப்பீடு பெற்ற கிரெடிட் யூனியனில் உள்ள சேமிப்புக்கும் வங்கியில் உள்ள சேமிப்புக்கும் ஒரே அளவில், 2,50,000 டாலர் வரை காப்பீடு இருக்கிறது. 'வங்கியைப் போலவே பாதுகாப்பானது, வட்டி மட்டும் அதிகம்' என்று அங்குள்ளவர் எழுதினால் அது அவருக்கு உண்மை. அதே வாக்கியத்தை நம் ஊர்ச் சங்கத்தின் மேல் ஒட்டிவைக்க முடியாது.

நொடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்குச் சமீப கால எடுத்துக்காட்டுகள் உண்டு. கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. பத்தே நாட்களில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர்களுக்கு இழப்பு இல்லை. பங்கு வைத்திருந்தவர்கள் முழுவதையும் இழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் முடக்கப்பட்ட பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. 2022 ஜனவரியில்தான் அது யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைந்தது. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதித்தொகை பத்தாண்டு வரை நீளும் தவணைகளில் தரப்படும் என்று திட்டமிடப்பட்டது. உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிக்கே இந்த நிலை என்றால், காப்பீடும் இணைத்துக்கொள்ள ஆளும் இல்லாத தொடக்கச் சங்கத்தில் கையாடல் நடந்தால் வைப்பாளர் எதை நம்புவது? கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின்கீழ் விசாரணை நடக்கும். 87ஆம் பிரிவின்கீழ் பொறுப்பானவர் மீது தண்டத் தீர்வை, அதாவது இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும் என்ற உத்தரவு, விதிக்கப்படும். அந்தத் தொகை வசூலாகி வருவதற்குள் மகளின் திருமண நாள் கடந்து போயிருக்கும்.

அரை விழுக்காடு கூடுதல் வட்டி என்பது 10 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். காப்பீடு இல்லாமல் 10 லட்சத்தை வைத்திருப்பதற்கு அது போதுமான கூலியா என்பதே தந்தை கேட்க வேண்டிய கேள்வி. போதாது என்பது என் கருத்து. வரி விஷயத்திலும் ஒரு மயக்கம் நிலவுகிறது: சிறிய சங்கங்கள் தம் உறுப்பினருக்குத் தரும் வட்டியில் வரிப் பிடித்தம் செய்வதில்லை. வங்கியோ, 2025 ஏப்ரல் முதல், ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம்) பிடித்தம் செய்கிறது. பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று பொருளாகாது. கணக்கு காட்டும் பொறுப்பு நம்முடையதாகிறது, அவ்வளவே.

கடன்: விகிதத்துக்குப் பின்னால் இருக்கும் விலை

பணியாளர் சங்கக் கடனில் வெளியே தெரியாத செலவு பங்குத்தொகைதான். கடனில் ஒரு பகுதி பங்காகப் பிடித்தம் செய்யப்படும். அந்த விழுக்காட்டைச் சங்கத்தின் துணைவிதி தீர்மானிக்கிறது. ஒரு கணக்குக்காக 3 லட்சம் ரூபாய்க் கடன், 9 விழுக்காடு வட்டி, 10 விழுக்காடு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 2,70,000 ரூபாய்; வட்டி 3,00,000 ரூபாய்க்கு, அதாவது ஆண்டுக்கு 27,000. உண்மையான விகிதம் அப்போதே 10 ஆகிவிடுகிறது. தவணை கட்டக் கட்ட நிலுவை 1,50,000 ரூபாயாகக் குறையும்போதும் பங்குத்தொகையான 30,000 அங்கேயே கிடக்கிறது. அந்தக் கட்டத்தில் நாம் பயன்படுத்துவது 1,20,000 ரூபாய், வட்டி 13,500, விகிதம் 11.25. பங்குக்கு 6 விழுக்காடு ஈவு அறிவிக்கப்பட்டால் 1,800 ரூபாய் திரும்பி வந்து, அது 9.75 ஆக இறங்கும். ஈவு அறிவிக்கப்படாத ஆண்டில் இறங்காது. ஆகவே கடன் விண்ணப்பத்தை வாங்கும்போதே, கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஈவு கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

வங்கியின் தனிநபர் கடனில் மறைவான செலவு வேறு உருவில் வரும். 2 விழுக்காடு செயலாக்கக் கட்டணம் என்றால் 3 லட்சத்துக்கு 6,000 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,080. கையெழுத்துப் போடும் கடைசி நிமிடத்தில் ஒரு காப்பீட்டுப் பாலிசியும் சேர்த்துக் கட்டப்படலாம். அது கட்டாயமல்ல என்று சொல்லி மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். நிலையான வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. முன்பு வாங்கிய கடன்களை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் குறைவாக இருந்தால் வட்டி ஏறும், அல்லது கதவே திறக்காது. சங்கத்தில் பெரும்பாலும் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலையும் ஜாமீன்தாரரையும் பார்க்கிறார்கள். ஆனால் சங்கத்தில் பத்தாண்டு ஒழுங்காகத் தவணை கட்டியதும் பெரும்பாலும் அந்த மதிப்பெண்ணில் ஏறுவதில்லை, ஆகையால் பின்னாளில் வீட்டுக்கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அந்த நாணயம் கணக்கில் வராது.

பயிர்க்கடனில் தராசு மறுபக்கம் சாய்கிறது. 3 லட்சம் ரூபாய் வரையான பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் வங்கியில் மானியம் போக 4 விழுக்காடு வட்டி விழும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் அதே கடனை உரிய காலத்தில் அடைத்தால் வட்டியே இல்லை, அதை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. தவணை தவறினால் இந்தச் சலுகை போய்விடும் என்பதால் நெல் விற்ற பணம் வந்து சேரும் தேதியையும் கடன் தவணைத் தேதியையும் ஒருசேரப் பார்த்தே கடன் வாங்க வேண்டும். கடனில் ஒரு பகுதி உரமாக வருவதால், கையில் ரொக்கம் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தள்ளுபடியைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. 2006, 2016, 2021 ஆகிய மூன்று முறையும் மாநில அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத்தான். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதே பருவத்துக்குக் கடன் வாங்கிய பக்கத்து வயல்காரருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துச் சங்கத்துக்குப் போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையைத் தள்ளிப்போடுவது வட்டியில்லாச் சலுகையை உறுதியாக இழந்து, வரலாம் என்பதற்காகக் காத்திருப்பது. அதே ஆண்டு ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, நிபந்தனைகள் சரிபார்க்கப்பட்டதும் பலர் தகுதி பெறாமல் போனதை ஊரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

நகைக்கடனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடைவெளி குறைவு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் 85 விழுக்காடும், 5 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் உச்சவரம்பு. கடனை அடைத்த ஏழு வேலைநாட்களுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவும் அந்த விதிகள் சொல்கின்றன. சங்கத்தில் ஒரு பவுனுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை நேரில் கேட்டே அறிய வேண்டும்.

ஜாமீன் கையெழுத்து

பணியாளர் சங்கத்தில் கடன் வாங்க உடன் பணிபுரியும் ஒருவரோ இருவரோ ஜாமீன் போட வேண்டும். இன்று அவர் நமக்குப் போட்டால், நாளை அவர் நீட்டும் தாளில் நாம் மறுக்க முடியாது. இதற்கு எந்த வட்டி அட்டவணையிலும் இடமில்லை. என் தந்தை ஒரு சக ஆசிரியருக்குப் போட்ட கையெழுத்துக்காக, அவர் வேலையை விட்டுப் போன பிறகு பதினொரு மாதம் தம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தார். சங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, விதிப்படியே நடந்தது. அந்த ஆசிரியர் வீட்டுப் பக்கம் மட்டும் அதற்குப் பின் நாங்கள் போகவில்லை. வங்கியின் தனிநபர் கடனில் பெரும்பாலும் ஜாமீன் கேட்பதில்லை. அந்த ஆபத்துக்கான விலையை வட்டியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு விழுக்காடு அதிக வட்டி கொடுத்து உறவைக் காத்துக்கொள்வது சிலருக்கு லாபமான பேரமாகவே இருக்கும்.

முறையீடும் வெளியேற்றமும்

வங்கியின் மேல் குறை இருந்தால், முதலில் வங்கியிடம் எழுதி, 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொடக்கச் சங்கம் அந்தத் திட்டத்துக்குள் வராது. கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்கீழ் கூட்டுறவுத் துறையிடம் தாவா எழுப்ப வேண்டும். அலுவலகம் பக்கத்து நகரத்திலேயே இருப்பதும் அலுவலரை முகம் பார்த்துப் பேச முடிவதும் இதன் நன்மை. அவர் மேற்பார்வையிடும் சங்கத்தைப் பற்றியே அவரிடம் முறையிடுகிறோம் என்பது தொல்லை.

வங்கிக் கணக்கை ஒரு நாளில் மூடிவிடலாம். சங்கத்திலிருந்து விலக எழுதிக் கொடுத்து, நம் கடனும் நாம் ஜாமீன் போட்ட கடனும் தீர்ந்த பிறகே பங்குத்தொகையும், உறுப்பினர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் சிக்கன சேமிப்பும் கைக்கு வரும். மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதலாகும் ஊழியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: புதிய அலுவலகத்தில் சம்பளப் பிடித்தம் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று தவணை விட்டுப்போய், அபராத வட்டி ஏறியிருக்கும்.

| அளவுகோல் | தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் | உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கி | வணிக வங்கி |
|---|---|---|---|
| வைப்புக் காப்பீடு | இல்லை | 5 லட்சம் வரை | 5 லட்சம் வரை |
| மேற்பார்வை | பதிவாளர் | பதிவாளர், ரிசர்வ் வங்கி | ரிசர்வ் வங்கி |
| வாக்குரிமை | உறுப்பினருக்கு ஒன்று | உறுப்பினருக்கு ஒன்று | வைப்பாளருக்கு இல்லை |
| மறைவான செலவு | பங்குத்தொகை, ஜாமீன் பொறுப்பு | பங்குத்தொகை | செயலாக்கக் கட்டணம், காப்பீட்டு விற்பனை |
| பயிர்க்கடன், தவணை தவறாதபோது | வட்டியில்லை | பெரும்பாலும் சங்கம் வழியாக | 4 விழுக்காடு |

மூவருக்கும் மூன்று விடை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் சங்கத்தில் உறுப்பினராவதில் தவறில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாறுதல் வரும் என்று தெரிந்தால் காத்திருக்கலாம். சேர்ந்தால், கட்டாயச் சிக்கன சேமிப்போடு நிறுத்திக்கொண்டு, மிகுதியை வங்கியில் வைக்கட்டும். சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தால் இரண்டு இடத்துக் கடனையும், கைக்கு வரும் தொகையைக் கொண்டு, மேலே சொன்னபடி கணக்கிட்டுப் பார்க்கட்டும். மதிப்பெண் இல்லாதவருக்கும் அது சிதைந்துபோனவருக்கும் சங்கம் பல நேரம் ஒரே கௌரவமான கதவு. கந்துவட்டிக்காரரிடம் போவதோடு ஒப்பிட்டால் பங்குத்தொகைப் பிடித்தம் ஒரு பொருட்டே அல்ல.

அண்ணனுக்குச் சங்கமே சரி. பட்டா, அடங்கல் நகல்களோடு பருவம் தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும். தாமதமானால் அந்தப் பருவத்துக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதில் கிடைக்கலாம். சங்கத்தின் நிதியில் பெரும்பகுதி மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து வருவது. ஊர்க்காரர்கள் எல்லோரும் கடன் மட்டும் வாங்கி வைப்பு வைக்காமல் இருந்தால் அந்தச் சார்பு மாறாது என்பதும் உண்மை. நான் கொடுக்கும் ஆலோசனை அந்தச் சார்பை வளர்ப்பது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. காப்பீடு வரும்வரை வேறு ஆலோசனை சொல்ல மனம் வரவில்லை.

தந்தையின் ஓய்வுப் பணம் 12 லட்சம் என்றால், மூன்று வங்கிகளில் 4 லட்சம் வீதம் வைக்கலாம். 7 விழுக்காடு வட்டியை எடுக்காமல் சேரவிட்டாலும் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு 5 லட்ச வரம்புக்குள் இருக்கும். அதில் ஒன்று, காப்பீடு உள்ள நகரக் கூட்டுறவு வங்கியாக இருந்தால், கூடுதல் வட்டி மீது அவருக்குள்ள ஆசையும் ஓரளவு தீரும். வாசல் பலகையில் 'வங்கி' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. உரிமம் இல்லாமலே அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளும் சங்கங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரித்திருக்கிறது. வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரைத் தேடிப் பார்த்த பிறகு காசோலையை எழுதலாம்.